செக்ரோலில் ஏறாத வேலை

“நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் காதல்னா என்னன்னே தெரியாதுங்க. கல்யாணம் பண்ணுனாங்க, புள்ள பெத்தாங்க, வேலைக்குப் போனாங்க, அவ்வளவுதான்.” சிரம்பான் வட்டாரத்துக் கல்யாண மண்டபங்களில் வாழ்த்துரைக்காக மைக்கைப் பிடிப்பவர்கள் பலர் இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. கூட்டம் சிரிக்கும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எழுபது, எண்பது வயதுக்காரர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். இதே பேச்சு குடும்பநலப் பயிற்சிகளில் கொஞ்சம் படித்த தோரணையில் வரும். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் அன்பை வெளிக்காட்டப் பழகாதவர்கள், நம் குடும்பங்கள் உடைவதற்கு அதுதான் காரணம், இனியாவது பூங்கொத்து வாங்கிக் கொடுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள் என்பார்கள்.

இது உண்மையில்லை. நல்லெண்ணத்தோடு சொல்வதால் யாரும் எதிர்த்துக் கேட்பதும் இல்லை. மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில், லாபுவிலும் சுவா பெத்தோங்கிலும் ரந்தாவிலும் பகாவ் பக்கத்திலும், கித்தா என்னும் ரப்பர் மரத்தை நம்பி மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த மனிதர்களின் வாழ்க்கையில் பாதியை இந்த ஒரு பேச்சு அழித்துவிடுகிறது. எஞ்சும் பாதியில் கள்ளுக்கடையும் அடிதடியும் மட்டும்தான் இருக்கின்றன.

தோட்டத்தில் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க என்ன இருந்தது என்று முதலில் பார்ப்போம். குடியிருந்த லயத்து வீடு, அந்த வரிசை வீடு, தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். நிலம் கிடையாது. கூலியோ, 1920களின் கடைசியில் அரசாங்கமே நிர்ணயித்தபோது ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகச் சந்தையில் ரப்பர் விலை விழுந்ததும் அதிலும் கை வைத்தார்கள். போர் முடிந்து, சங்கங்கள் வந்து, 1954இல் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, கூலி ஒப்பந்தங்கள் எழுதப்பட்ட பிறகும் மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் காசு இல்லை. இப்படிப்பட்டவன் மனைவிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பது தீபாவளிக்கு ஒருமுறை, அதுவும் கடனில். வாங்கிக் கொடுப்பதுதான் அன்பின் அடையாளம் என்று வைத்துக்கொண்டு தேடினால் ஒன்றும் கிடைக்காது. அவர்களிடம் இருந்தவை உடம்பும் நேரமும்தான். அவற்றையும் செக்ரோல் என்ற வருகை, கூலிப் பதிவேடு அளந்தது. காலைக் கணக்கெடுப்பான பெரட்டில் பேர் சொல்லும்போது ஆள் நிற்க வேண்டும். பிந்தினால் மேற்பார்வை செய்யும் மண்டோர் திருப்பி அனுப்பிவிடலாம். நேரத்துக்கு முன்னால் ஓய்ந்துவிட்டால் அரைப் பேர்தான், பாதிக் கூலிதான். ஆளும் மரமும் பாலின் எடையும் கணக்கில் ஏறின. அந்தக் கணக்கிலிருந்து கால்மணி நேரத்தைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்தவர் எதைக் கொடுத்தார் என்று புரிந்துகொள்ள, அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

பால் வெட்டுகிற கத்தியின் நுனி மடிந்து, உள்ளே ஒரு கூர்மூலை இருக்கும். அந்த மூலைதான் பட்டையை மெல்லிய சீவலாக எடுக்கிறது. அது மழுங்கினால் கை அழுத்தும், அழுத்தினால் பட்டைக்கு அடியில் இருக்கும் உயிர்த்தோலில் வெட்டு இறங்கும், மரம் காயப்பட்டுப் புடைக்கும், மண்டோர் வந்து காயத்தை விரலால் காட்டி ஏசுவார். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம். மழுங்கிய கத்தியோடு ஐந்நூறு மரம் வெட்டிய மணிக்கட்டு சாயங்காலம் சோற்றைப் பிசையவும் வலிக்கும். கத்தி தீட்டுவது அப்படிப்பட்ட வேலை.

லிங்கி பக்கத்துத் தோட்டமொன்றில் என் தாத்தா பின்வாசல் படியில் உட்கார்ந்து தீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கத்திகள் இருக்கும். அப்பாயியுடையதைத்தான் முதலில் எடுப்பார். “மொதல்ல உங்களோடதத் தீட்டுங்களேன்” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். “நீ பேசாம இரு புள்ள. வெளிச்சம் இருக்கறப்பவே ஒன்னோடத முடிச்சுடுறேன்.” தண்ணீர் தொட்டு, கல்லின் ஓரத்தை அந்த மூலைக்குள் செலுத்தி, இழுத்து, முன்னங்கை முடியில் வைத்துப் பார்ப்பார். வழிக்கவில்லையென்றால் மறுபடியும் தீட்டுவார். அது முடிவதற்குள் பொழுது இறங்கிவிடும். அவருடைய கத்திக்குக் கிடைப்பது அரிக்கன் விளக்கு வெளிச்சம். தீட்டிய கத்தியை எண்ணெய்த் துணியில் சுற்றி, அப்பாயியின் பைக்குள் கைப்பிடி மேலே இருக்கும்படி வைப்பார். விடியுமுன்னே இருட்டில் பைக்குள் கை விடும்போது விரல் முனையில் படக்கூடாது என்பதற்காக. மண்டோர் கேட்காத, செக்ரோலில் ஏறாத வேலை அது. கணவன் செய்தே தீரவேண்டும் என்று ஊர் வழக்கமும் இல்லை. அவரவர் கத்தியை அவரவர் தீட்டிக்கொள்வதுதான் நடைமுறை.

பெரிய விஷயம் இன்னொன்று, பால் எடுக்கும் நேரத்தில் நடந்தது. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும், அதனால் இருட்டிலேயே தொடங்குவார்கள். சில மணி நேரம் கழித்து மங்குக் கிண்ணங்களில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். காண்டாக் கம்பின் இரு பக்கமும் வாளி நிறைந்தால் தோளில் இருபது, முப்பது கிலோ. மேடும் அல்லூர்க் கால்வாயுமாக இருக்கும் தீம்பார் காட்டில் அதைத் தூக்கி வருவது வெட்டுவதை விடக் கடினம். தன் மர நிரையை முடித்துக்கொண்டு மனைவியின் நிரைக்கு ஓடி, அவள் வாளியையும் தோளில் ஏற்றிக்கொண்டு வந்த ஆண்கள் எத்தனையோ பேர். ஸ்டோரில் பாலை நிறுத்து, மெட்ரோலாக் கருவியை விட்டு ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதுவார்கள். அங்கே அந்த ஆள் சொல்லும் பேர் அவன் மனைவியின் பேர். சுமந்தது இவன், கணக்கு அவளுக்கு. அதிகப் பாலுக்குக் கிடைக்கும் காசும் அவள் பேரில்தான் ஏறும். ஒரே குடும்பத்துக் காசுதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. தன் பேரில் கொஞ்சம் கூட்டி ஊற்றிக்கொண்டு, நல்ல வெட்டுக்காரன் என்று பெயர் வாங்க ஒருவனுக்கு எல்லா வசதியும் அங்கே இருந்தது.

பெண்கள் பக்கத்திலும் உண்டு. சட்டைக் காலரில் பால் தெறித்துக் காய்ந்தால் அட்டை போல் விறைத்துவிடும். வியர்வையோடு சேர்ந்து நாள் முழுக்கக் கழுத்தை அறுக்கும். சோப்புக்கு அது போகாது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி எடுக்க வேண்டும். அப்பாயி சட்டை முழுவதையும் அப்படிச் செய்ய மாட்டார், நேரமும் இருக்காது. கழுத்துப் பக்கத்தை மட்டும் செய்வார். தாத்தா அரிக்கிறது என்று ஒருநாளும் வாய் திறந்து சொன்னவரில்லை. கழுத்தில் சிவந்திருந்ததை அப்பாயி பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

இங்கே எனக்கு இன்னொரு கூட்டத்தோடும் சண்டை இருக்கிறது. “அந்தக் காலத்துப் பொம்பளைங்க விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து ஆக்கிப் போட்டாங்க, அதுதான் அன்பு, இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு என்ன தெரியும்” என்று பெருமூச்சு விடுகிறார்களே, அவர்களோடு. மூன்று மணிக்கு எழுந்து ஆக்கியது வேலை. ஆணுக்குச் சமமாக மரம் வெட்டிய பெண்ணின் தலையில் கூலியில்லாமல் ஏற்றிய இரண்டாவது வேலை. ஆக்காவிட்டால் அடி விழுந்திருக்கும் அல்லது பேச்சு விழுந்திருக்கும். செய்யாமல் இருக்க முடியாத ஒன்றை அன்பு என்று பாராட்டினால் அன்பு மலிந்துபோகும், சுமையும் மறைந்துபோகும். நான் சொல்வது கட்டாயத்துக்கு அப்பால் நடந்ததை. அவள் கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தவனை. அவள் அவன் சட்டையின் கழுத்துப் பக்கத்தைத் தேய்த்த அந்த ஐந்து நிமிடத்தை.

அப்படியானால் இதெல்லாம் ஏன் யார் கண்ணிலும் படவில்லை? மறைத்தார்கள் என்பதுதான் பதில். லயத்து வீடுகளுக்கு நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர். இந்த வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். மனைவியின் துணியை அலசிய ஆணுக்குப் ‘பொண்டாட்டிதாசன்’ என்று பேர் விழும், பிறகு கள்ளுக்கடையில் உட்கார முடியாது. கணவனிடம் சிரித்துப் பேசிய பெண்ணை மாமியார் கவனிப்பாள். ஆகவே விடியுமுன் இருட்டிலும், மண்டோர் கண்ணுக்கு எட்டாத நிரையிலும், பின்வாசலிலும் அன்பு நடந்தது. பிள்ளைகளாகிய நாம் பார்த்தது முன்வாசலைத்தான். கல்யாண மண்டபத்தில் அந்தப் பெரியவர்கள் சேர்ந்து சிரிப்பதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயுள் முழுக்க அப்படி மறைத்தே பழகியவர்கள் அவர்கள்.

எழுத்துப் பதிவுகளும் நமக்கு உதவவில்லை. காலனி அரசாங்கத்தின் கோப்புகளில் தோட்டத்துக் கணவனும் மனைவியும் தலைகாட்டுவது ஏதாவது ஒன்று கெட்டுப்போன பிறகுதான். அவள் இன்னொருவனோடு போய்விட்டாள், அவன் வெட்டிவிட்டான், வழக்கு நடந்தது என்று. வெள்ளைக்கார அதிகாரிகள் அதைப் படித்துவிட்டுத் தோட்டத்துப் பெண்களை ஒழுக்கமற்றவர்கள் என்றும் ஆண்களைப் பொறாமை பிடித்தவர்கள் என்றும் எழுதிவைத்தார்கள். அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட ‘ஃப்ளீட்டிங் ஏஜென்சீஸ்’ என்ற நூல் அந்தக் கோப்புகளையே வேறு கண்ணோடு படித்து, மலாயாத் தோட்டத்துப் பெண்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே முடிவெடுத்த தருணங்களைக் காட்டுகிறது. நல்ல நூல். ஆனாலும் நீதிமன்றத்துக்குப் போகாத திருமணங்களுக்கு எந்தக் கோப்பும் இல்லை. கத்தி தீட்டிக் கொடுத்ததற்காக யார் வழக்குப் போடுவார்கள்? கோப்பில் இல்லை என்பதால் நடக்கவே இல்லை என்று முடிவு கட்டுவது அந்த அதிகாரிகளின் பார்வையை நாமே தூக்கிச் சுமப்பதாகும்.

அடுத்து, உண்மையிலேயே கனமான எதிர்வாதம். கள்ளும் சம்சுச் சாராயமும் அடியும் உதையும். அவை இருந்தன. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை நடத்த அனுமதித்து, கூலியில் ஒரு பங்கு அங்கேயே திரும்பி வரும்படி வைத்திருந்தார்கள். சம்பள நாள் இரவில் லயத்தில் கேட்ட அலறலை நான் மறுக்கவில்லை. என் வயதுப் பெண்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் வந்து 1996இல் நடைமுறைக்கு வரும்வரை அந்தப் பெண்களுக்கென்று தனிச் சட்டமே கிடையாது. ஆனால் ‘அந்தக் காலத்தில் யாருக்கும் அன்பு காட்டத் தெரியாது’ என்று நீங்கள் சொல்லும்போது யாரைக் காப்பாற்றுகிறீர்கள்? அடித்தவனை. யாருக்குமே தெரியாது என்றால் அவன் மீது மட்டும் என்ன குற்றம்? காலம் அப்படி, தோட்டம் அப்படி, அவன் என்ன செய்வான்! அதே லயத்தில், அதே கூலி வாங்கி, அதே மண்டோரிடம் ஏச்சு வாங்கி, அதே கள்ளுக்கடையைத் தாண்டி வந்து, மனைவியின் வாளியைத் தூக்கியவன் பக்கத்து வீட்டில் இருந்தான். தெரிந்துகொள்ள வழி இருந்தது. அடித்தவன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. நல்லவனின் இருப்பை ஒத்துக்கொண்டால்தான் கெட்டவனைக் கேள்வி கேட்க முடியும். அடி வாங்கிய பாட்டிகளுக்கும் நாம் செய்ய வேண்டிய நியாயம் இது.

பயிற்சி நடத்துகிறவர்கள் மேற்கோள் காட்டும் புத்தகங்களையும் கொஞ்சம் பார்ப்போம். கேரி சாப்மன் 1992இல் எழுதி உலகமெல்லாம் விற்ற புத்தகம் அன்பைக் காட்ட ஐந்து வழி சொல்கிறது. அதில் ஒன்று, இன்னொருவருக்காக ஒரு வேலையைச் செய்து கொடுப்பது. சியாட்டிலில் புதுமணத் தம்பதிகளை ஆராய்ந்த ஜான் கோட்மன் ஆறு வருடம் கழித்து அவர்களைத் திரும்பத் தேடிப் பார்த்தார். ஒருவர் சின்னதாகக் கவனத்தைக் கேட்கும்போது மற்றவர் எத்தனை முறை திரும்பிப் பார்த்தார் என்பதுதான் அவருடைய அளவுகோல். சேர்ந்து வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 86 முறை திரும்பியிருந்தார்கள், பிரிந்தவர்கள் 33 முறைதான். நம் குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய பாட்டு ஒன்றில், புது மனைவி தயிரைப் பிசைந்த விரலைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் படக் குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுகிறான், அவள் முகம் மெல்ல மலர்கிறது. பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய் சொல்வதாக அமைந்த பாட்டு அது. அவ்வளவு சின்ன விஷயத்தை, அதுவும் சமையலறைக்குள் நடந்ததை, கவனித்துப் பதிவு செய்த மரபு நம்முடையது. தோட்டத்துக்கு மட்டும் அப்படி ஒரு செவிலித்தாய் வாய்க்கவில்லை.

1980களுக்குப் பிறகு கித்தா மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். இந்த மாற்றத்தில் வருமானம் போனதைப் பற்றிப் பேசுகிறோம், கணவனும் மனைவியும் ஒரே காட்டில் வேலை செய்த நிலை போனதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆண்கள் குலை வெட்டப் போனார்கள், பெண்கள் உரம் போடவும் மருந்தடிக்கவும் போனார்கள். 15 லிட்டருக்கு மேல் பிடிக்கும் மருந்துத் தோம்பை முதுகில் சுமந்து பராகுவாட் களைக்கொல்லி அடித்த பெண்களின் உடம்பு என்ன ஆனது என்பதைத் தெனாகனித்தா என்ற தொண்டு அமைப்பு 2002இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அந்த மருந்து இந்த நாட்டில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2020இல்தான். வீடு திரும்பிய மனைவியின் மருந்து பட்ட துணியைப் பிள்ளைகளின் துணியோடு கலக்காமல் தனியாக அலசிப் போட்ட ஆண்களும் உண்டு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் நஞ்சை முறிக்க அது போதாது. அதற்குத் தடைச்சட்டம் வேண்டியிருந்தது. குடும்பத்துக்குள் இருக்கும் பாசத்தைக் காட்டிக் கம்பெனியின் பொறுப்பைக் கழுவிவிடும் பேச்சுக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, தாமான் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று நீலாயிலும் செனவாங்கிலும் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார்கள். ஒருவருக்கு இரவு ஷிஃப்ட் என்றால் மற்றவருக்குப் பகல் ஷிஃப்ட். வாரத்தில் பாதி நாள் வாசற்படியில் சந்தித்துக்கொள்கிறார்கள். கல்யாண மண்டபப் பேச்சு இவர்களுக்குத்தான் அதிகக் கெடுதல் செய்கிறது. கல்யாண நாளுக்கு முகநூலில் படம் போடாத கணவனுக்குத் தன்மேல் பாசமே இல்லை என்று அந்தப் பெண் நினைக்கிறாள். இரவு ஷிஃப்ட் முடித்து அவள் தூங்குகிற நாளில் சன்னலுக்குத் துணி கட்டி, பிள்ளைகளைக் கீழே அழைத்துப்போய் மத்தியானம்வரை வைத்துக்கொண்டவன் அவன்தான். அவனுக்கும் தான் செய்தது இன்னதென்று தெரியாது, யாரும் சொல்லித்தரவில்லை. மறுபக்கத்தில், வருடம் முழுக்க ஒரு தட்டைக்கூடக் கழுவாதவன் ஒரு நாள் பூங்கொத்தோடு வந்து கணக்கைத் தீர்த்துவிடுகிறான். பூங்கொத்து மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வாய்விட்டுச் சொல்வதும் நல்லதுதான், நம் தாத்தாக்கள் சொல்லியிருந்தால் அப்பாயிகள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆனால் தோட்டத்தில் அன்பு தெரியாது என்று தொடங்கி அதைக் கற்றுக்கொடுக்க வராதீர்கள். அந்தப் பிள்ளையிடம், உன் தாத்தாவும் இதைத்தான் செய்தார் என்று சொல்லிப் பாருங்கள். அவன் செய்வதற்கு ஒரு பரம்பரை கிடைக்கும்.

இப்போது தமிழ்ப்பள்ளிகளிலும் இளைஞர் இயக்கங்களிலும் தோட்டத்துப் பெரியவர்களை உட்காரவைத்து நேர்காணல் எடுக்கிறார்கள். நல்ல முயற்சி. போர்க்காலத்துச் சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், எந்தத் துரை கெட்டவன், எந்த வருடம் வேலைநிறுத்தம், எவ்வளவு கூலி என்றெல்லாம் கேட்கிறார்கள். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் என்ன செய்துகொண்டீர்கள் என்ற கேள்வியை நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் காணவில்லை. நேரடியாகக் கேட்டால் வெட்கப்பட்டு ஒன்றும் இல்லை என்பார்கள். உங்கள் கத்தியை யார் தீட்டியது, மழை நாளில் உங்கள் வாளியை யார் தூக்கியது, பிள்ளை பெற்ற வீட்டில் யார் அடுப்புப் பற்றவைத்தது என்று கேளுங்கள். இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். பால் வெட்டியவர்களில் கடைசித் தலைமுறைக்கு எழுபது தாண்டிவிட்டது. இந்த வருடமே கேளுங்கள்.